விருந்து மேசையின் நடுத்தட்டு: கடற்கரை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ், பெருநாள், பொங்கல் என்று எந்த விருந்தானாலும், மேசையின் நடுவில் பழமும் பலகாரமுமாக ஓர் அலங்காரத் தட்டு வைக்க நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலும் பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். பிளாஸ்டிக் பூ விருந்து முடிந்ததும் பரணுக்குப் போகும். இதுவோ வந்தவர்கள் வயிற்றுக்குப் போகும். ஆனால் வீடியோவில் பார்த்ததை அப்படியே பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ செய்து வைத்தால், விருந்தாளி வருவதற்குள் தட்டு பிசுபிசுத்துச் சரிந்துவிடும். அதற்குக் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்காததுதான் முதல் தவறு.

இஞ்சி பிஸ்கட்டால் கட்டும் வீட்டைப் பாருங்கள். அது ஜெர்மனிப் பலகாரம். அங்கே டிசம்பரில் கடுங்குளிர். வீட்டுக்குள் சூடேற்றிய காற்று காய்ந்து கிடக்கும். அதனால் பிஸ்கட் சுவர் நாள்கணக்கில் விறைப்பாக நிற்கிறது. நமக்கு டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை விட்ட நாளிலும் கடல்காற்றில் ஈரம் குறையாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தொட்டால் வெள்ளைச் சர்க்கரை தானாகக் கசியத் தொடங்கும். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகியவையும் கலந்திருப்பதால் அவை அதற்கும் முன்பே கசியும். பிரக்டோஸுக்கு 60 சதவீதத்தைச் சற்றே தாண்டினால் போதும். பாகு காய்ச்சிக் கண்ணாடிபோல இழுத்த சர்க்கரை இவற்றையும்விட வேகமாக ஈரத்தை இழுக்கும். ஆகவே கடலைமிட்டாய் கோபுரம், பாகு ஊற்றி ஒட்டிய முறுக்குச் சுவர், கருப்பட்டி அடுக்கிய மேடை எல்லாம் முதல் நாள் இரவே கட்டி வைக்கிற வேலைகள் இல்லை. பலகாரங்களைத் தனித்தனியாகக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்து, விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அடுக்குங்கள்.

கட்டி முடித்ததை ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குளிர்ந்த பொருள் வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் முத்து முத்தாகப் படியும். முறுக்கு நமுத்துப் போகும், சர்க்கரைப் பூச்சு வழியும். மொறுமொறுப்பான எதையும் குளிரவைக்கக் கூடாது.

இந்தக் காற்றோடு சண்டை போடாத பொருள்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிண்டிய கீழக்கரைத் தொதல் இந்த வேலைக்கென்றே அமைந்தது. அதில் நீர் நன்றாகச் சுண்டியிருக்கும், மேலே எண்ணெய்ப் பூச்சும் இருக்கும். கடல்காற்று அதன் உருவத்தைக் குலைப்பதில்லை. கத்தியில் எண்ணெய் தடவி வெட்டுங்கள். துண்டுகளை நேரடியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இடையிடையே வாழையிலைத் துண்டு வேண்டும். மார்கழி, தை என்றால் பனங்கிழங்கு இருக்கிறது. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, ஆறவைத்து, ஓலை நாரால் கட்டி நிறுத்தினால் நடுவில் ஒரு தூண் தயார். பேரீச்சம்பழம், முந்திரி, முழுப் பழங்கள் என்று இவற்றை வைத்தே ஒரு பெரிய தட்டை நிரப்பிவிடலாம். என் கணக்கில் இதற்கு இணையான அழகு பிஸ்கட் வீட்டுக்கு இல்லை.

பழத்தில் நடக்கும் பெரிய தவறு, சீக்கிரமே நறுக்கி வைப்பது. ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் வெட்டியதும் அவற்றிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து சதையைப் பழுப்பாக்கிவிடும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் நனைத்தால் ஆப்பிள் கொஞ்ச நேரம் தாங்கும். வாழைப்பழத்தை மட்டும் வெட்டவே வேண்டாம், சீப்பாகவே வையுங்கள். மாதுளை, ஆரஞ்சு, சாத்துக்குடி நிறம் மாறாதவை, வெட்டிய பழம் வேண்டுமென்றால் அவற்றை எடுங்கள். கழுவிய பழங்களைத் துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே அடுக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் அடியில் தண்ணீர் தேங்கி, பக்கத்திலிருக்கும் பலகாரம் கெடும். பழுத்த வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு மற்ற பழங்களையும் பழுக்கவைக்கும் என்பதால் இரண்டு நாளுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வைக்காதீர்கள். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால் சில வருடங்கள் கடும் வெயிலில் வரும், அப்போது இது இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்துச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. தட்டில் சாப்பாடு இருக்கிறது என்றால், அதில் வைக்கும் இலையும் பூவும் வாய்க்குப் போனாலும் கெடுதல் செய்யாதவையாக இருக்க வேண்டும். செவ்வரளி பார்க்க அழகு, எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. அதன் பூ, இலை, தண்டு அத்தனையும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மழைக்காலத்தில் வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் காந்தள் விருந்து மேசைக்கென்றே பூத்ததுபோலத் தோன்றும். அதிலும் கொல்லக்கூடிய நஞ்சு இருக்கிறது, கிழங்கில் மிக அதிகம். பிள்ளையார் சிலைக்குக் கண்ணாக வைக்கும் குண்டுமணி சிறு குழந்தைக்கு மிட்டாயாகத் தெரியும். ஓடு உடைந்த விதை ஆபத்தானது. குரோட்டன்ஸ் இலையின் பால் வாயையும் தோலையும் எரிக்கும். கடையில் வாங்கும் ரோஜாவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், மாலை கட்ட அது சரி, அல்வாவின் மேல் தூவ ஆகாது. வீட்டுச் செடியில் மருந்து படாமல் பூத்த செம்பருத்தி, வாழையிலை, கறிவேப்பிலை, புதினா, குருத்தோலைப் பின்னல் ஆகியவை போதும். ஜிகினாத் தூளும் வேண்டாம். பொட்டலத்தில் உண்ணத்தக்கது என்று அச்சிட்டிருந்தால் ஒழிய அது வெறும் பிளாஸ்டிக் பொடிதான்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டையாக, செக்கச்செவேலென்று இருப்பதால் செர்ரிப் பழத்துக்குப் பதிலாக அதை இனிப்புத் தட்டில் செருகுகிறார்கள். காம்பு உடைந்தாலோ தோல் கீறினாலோ காரம் பக்கத்துப் பழத்தில் ஏறும். அதைத் தொட்ட குழந்தை கண்ணைக் கசக்கினால் விருந்து அழுகையில் முடியும். மிளகாய்க்கு ஊறுகாய்த் தட்டில் தனி இடம் கொடுங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சிப்பி, பவளத்துண்டு ஆகியவற்றைப் பழங்களுக்கு நடுவே வைப்பதும் வேண்டாம். மணலும், உள்ளே காய்ந்துபோன உயிரின் மிச்சமும் சாப்பாட்டில் சேரும். பவளத்தை எடுத்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில வகைச் சிப்பிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டதே இந்த உயிர்களைக் காக்கத்தான். அவை கடலிலேயே இருக்கட்டும்.

தட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஈயம் பூசாத பித்தளைத் தாம்பாளத்தில் வெட்டிய புளிப்புப் பழம் நேரடியாகப் படக் கூடாது, வாழையிலை விரித்து வையுங்கள். சாயம் போட்ட ஓலைக் கொட்டானில் ஈரப்பண்டம் வைத்தால் சாயம் இறங்கும், சாயமில்லாத ஓலைப்பெட்டி எடுங்கள். எறும்புக்குப் பழைய வழிதான்: அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு.

பால்கோவா, கிரீம், துருவிய பச்சைத் தேங்காய் ஆகியவற்றை நடுத்தட்டில் வைத்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வெளியில் 2 மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரம். நடுத்தட்டோ விருந்து முடியும்வரை இருக்கிற பொருள். அதனால் இவற்றைச் சின்னக் கிண்ணத்தில் கடைசியாகக் கொண்டுவந்து பரிமாறுவதே நல்லது.

உயரத்தில் ஆசை வைக்காதீர்கள். மேசையில் ஓர் அடிக்குமேல் போனால் எதிரே இருப்பவர் முகம் மறையும். சஹன் என்னும், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டைச் சுற்றித் தரையில் உட்காரும் வீடுகளில் அதில் பாதி போதும். கனமான பழங்கள் கீழே, லேசானவை மேலே. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் வெட்டிய பழம் காய்ந்துவிடும். மெழுகுவர்த்தி தட்டுக்குள் வேண்டாம். மெழுகு சொட்டிய தொதலை யார் தின்பார்கள்?

கடைசியாக ஒரு தவறு, எல்லாம் சரியாகச் செய்தவர்களும் செய்வது. ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும் விதத்தில் அடுக்கிவிடுகிறார்கள். குண்டூசியும் பல்குச்சியும் குத்தி நிறுத்தியிருப்பார்கள், அது சாப்பிடுகிறவர் வாயைக் குத்தும். இன்னும் சில இடங்களில் அழகைக் கலைக்க எல்லோரும் தயங்கி, விருந்து முடிந்தும் தட்டு அப்படியே கிடக்கும். அடுக்கும்போதே எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பார்கள் என்று யோசித்து, அந்தப் பக்கத்தில் ஒட்டாத, தனித்தனித் துண்டுகளை வையுங்கள். பக்கத்தில் ஒரு இடுக்கியும் சிறு தட்டுகளும் இருக்கட்டும். சாப்பாடு தொடங்கியதும் வீட்டுக்காரரே முதல் துண்டை எடுத்து, அங்கிருக்கும் பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் யாரும் தயங்க மாட்டார்கள். மிஞ்சிய முழுப் பழங்களையும் தொதலையும் வாழையிலையில் மடித்துப் புறப்படுகிறவர்களிடம் கொடுக்கலாம். வெட்டி வெகுநேரமான பழத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.