இரண்டு எண்களிலிருந்து ஒரு கார்பன் நானோகுழாய்: பைத்தானில் செய்முறை விளக்கம்

எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத கல்லூரியிலும் கார்பன் நானோகுழாயின் அமைப்பை அணு அணுவாக ஆராயலாம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இயற்பியல் அல்லது வேதியியல் படிக்கும் மாணவரிடம் உள்ள சாதாரண மடிக்கணினியும், பைத்தான் நிரல்மொழியும், அணு அமைப்புகளை உருவாக்கி ஆராய உதவும் ஏஎஸ்இ (ASE) என்னும் கட்டணமில்லாத் தொகுப்பும் இதற்குப் போதும்.

கிராஃபீன் என்பது கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகப் பிணைந்த, ஓர் அணு தடிமனே உள்ள தாள். அதைச் சுருட்டினால் கிடைக்கும் வடிவமே கார்பன் நானோகுழாய். நம் மாவட்டத்துப் பனையோலைப் பாயை நேராகச் சுருட்டும்போது ஒருவிதமாகவும் சாய்த்துச் சுருட்டும்போது வேறுவிதமாகவும் பின்னல் ஓடுவதைப் போலவே, இந்தத் தாளைச் சுருட்டும் திசையைப் பொறுத்துக் குழாயின் பண்பும் மாறுகிறது. அத்திசையை என் (n), எம் (m) என்ற இரண்டு முழு எண்கள் குறிக்கின்றன. இரண்டும் சமமானால் குழாய் உலோகத்தைப் போல மின்னைக் கடத்தும். அவற்றின் வேறுபாடு 3ஆல் வகுபடாவிட்டால் அது குறைகடத்தி.

படி 1: கணினியைத் தொடுமுன் விட்டத்தைத் தாளில் கணக்கிடுங்கள். இரு எண்களின் வர்க்கங்களோடு அவற்றின் பெருக்கற்பலனையும் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, கிராஃபீன் அமைப்பின் அலகு நீளமான 2.46 ஆங்ஸ்ட்ராமால் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பெருக்கி, பை (π) என்னும் எண்ணால் வகுக்க வேண்டும். (6, 6) குழாய்க்கு 8.14 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவருக்குத் திரையில் தோன்றும் படம் சரியா தவறா என்று சொல்ல வழியே இராது.

படி 2: முனையத்தில், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் (pip) கட்டளையால் ஏஎஸ்இ தொகுப்பை நிறுவுங்கள்.

படி 3: அதன் பில்ட் (build) பகுதியிலிருந்து நானோட்யூப் (nanotube) என்ற செயற்கூறையும், விஷுவலைஸ் (visualize) பகுதியிலிருந்து வியூ (view) என்ற செயற்கூறையும் நிரலில் இறக்குமதி செய்யுங்கள். நானோட்யூபுக்கு 6, 6 ஆகியவற்றையும், நீள அளபுருவாக, அதாவது குழாயில் அலகு திரும்ப வரும் எண்ணிக்கையாக, 4ஐயும் கொடுங்கள். ஓர் அலகில் 24 அணுக்கள் என்பதால் மொத்தம் 96 அணுக்கள் வர வேண்டும்.

படி 4: கிடைத்த அமைப்பை வியூவிடம் கொடுத்தால் சாளரம் திறக்கும். கண்ட்ரோல், பி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பிணைப்புகள் தெரியும். இரண்டு அணுக்களைத் தேர்ந்தெடுத்தால் அவற்றின் இடைத்தொலைவு அடியில் தோன்றும். நேரெதிர் அணுக்களுக்கிடையே 8.14 வருகிறதா என்று பாருங்கள். பின்னர்ப் பிணைப்புகளையும் அளந்து பாருங்கள்: சாய்ந்தவை 1.42 ஆங்ஸ்ட்ராமாகவே இருக்க, சுற்றளவை ஒட்டிச் செல்பவை 1.41 ஆகக் குறைந்திருக்கும். தாளில் இருந்த நேர்கோட்டு நீளம் குழாயில் வில்லாக வளைய, அணுக்களிடையே நாணின் நீளமே எஞ்சுவதுதான் காரணம். வளைவின் விளைவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் அளவீடு தொடக்கநிலையில் வேறில்லை என்பது என் கருத்து.

படி 5: எண்களை 10, 0 என மாற்றி இயக்குங்கள். விட்டம் 7.83 ஆங்ஸ்ட்ராம், ஏறத்தாழ அதே பருமன்தான், ஆனால் இது குறைகடத்தி.

இதுவரை உருவானது வடிவம் மட்டுமே. அணுக்கள் தம் குறைந்த ஆற்றல் நிலைக்கு இன்னும் நகரவில்லை. அதற்கு, அணுக்களின் ஆற்றலைக் கணக்கிடும் ஜிபிஏடபிள்யூ (GPAW) போன்ற குவாண்டம் கணிப்பானை இணைக்க வேண்டும். ஏஎஸ்இயுடனேயே வரும் இஎம்டி (EMT) கணிப்பான் விரைவாக இயங்கினாலும் உலோகங்களுக்கென அமைந்தது என்பதால், கார்பனுக்கு அது தரும் ஆற்றல் மதிப்புகளை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.