சைக்கிள் வாங்கும் முன் ஒரு நூலும் ஒரு சாக்பீஸும்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எடை எவ்வளவு, கியர் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஃப்ரேமின் கோணங்கள். வண்டி சட்டென்று திரும்புமா, வேகத்தில் ஆடாமல் போகுமா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. அதில் ஒரு அளவை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், பத்து நிமிடம் போதும்.

முதலில், சமதரையில் வண்டியை யாரையாவது நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், முன்சக்கரம் நேராக இருக்கட்டும். நூலில் ஒரு நட்டைக் கட்டி முன்சக்கர அச்சின் நடுவிலிருந்து தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

அடுத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் நுழைகிற குழாய் இருக்கிறதே, ஹெட் டியூப், அதன் பக்கவாட்டில் அதே சாய்வில் ஒரு நீளமான நேர்க்குச்சியைப் பிடித்துத் தரைவரை கொண்டுவாருங்கள். ஃபோர்க் முன்னால் வளைந்து போகும், குச்சி அதோடு போகக் கூடாது. நான் முதல்முறை அப்படித்தான் பிடித்து, ஏதோ அதிசய வண்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். குச்சி தொடும் இடத்தில் இன்னொரு கோடு. அது முதல் கோட்டுக்கு முன்னால் விழும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் டிரெயில்.

தள்ளுவண்டிச் சக்கரம் தள்ளும் பக்கம் தானாகத் திரும்பி, பின்னால் இழுபட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இங்கேயும். டிரெயில் கூடினால் சக்கரம் நேராக வரப் பார்க்கும், குறைந்தால் கை அசைத்ததுமே திரும்பும். பந்தய ரோடு பைக்கில் இது 55 முதல் 60 மி.மீ. இருக்கும், இப்போதைய மலைப்பாதை வண்டிகளில் 120 மி.மீ. கூட உண்டு. 340 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், அச்சை 45 மி.மீ. முன்தள்ளும் ஃபோர்க், தரையோடு 73 டிகிரி கோணத்தில் ஹெட் டியூப் என்றால் டிரெயில் ஏறத்தாழ 57 மி.மீ.; கோணத்தை 72 ஆக்கினால் 63. ஒரு டிகிரிக்கே இவ்வளவு!

அதற்காக டிரெயில் நிறைய இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கரடுமுரடான இறக்கத்தில் நம்பிக்கை தருகிற அதே வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து உயிரை வாங்கும்.

சரி, இப்போது பின்பக்கம். பெடல் அச்சின் நடுவிலிருந்து பின்சக்கர அச்சுவரை டேப் பிடியுங்கள். 410 மி.மீ. பக்கம் இருந்தால் சுறுசுறுப்பான வண்டி. மூட்டை கட்டி நெடுந்தூரம் போகிறவர்களுக்கு 450 பக்கம் வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும்.

குட்டையான ஃப்ரேம் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பெடலை முன்னால் கிடையாக வைத்து, காலை வைத்தபடி முன்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஷூ நுனி டயரில் பட்டால் வேகத்தில் ஒன்றும் ஆகாது, ஆனால் மெதுவாக யூ டர்ன் அடிக்கும்போது மாட்டும். நான் மாட்டி, நாலு பேர் பார்க்க விழுந்திருக்கிறேன்.

கடைசியாக, ஹேண்டில்பார் எட்டவில்லையே என்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள். சீட்டை முழங்காலும் பெடலும் சொல்கிறபடி வைத்துவிட்டு, எட்டாத குறைக்கு ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டை, அதாவது ஸ்டெம்மை மாற்றுங்கள். 20 மி.மீ. குட்டையாக்கியும் எட்டவில்லையென்றால் அந்த ஃப்ரேம் உங்கள் அளவு இல்லை.