வெஸ்நோத்தில் ஒரு புதிய தரப்பை உருவாக்குதல்: எண்களைச் சமன்செய்யும் முறை

பேட்டில் ஃபார் வெஸ்நோத் என்னும் முறைவாரி வியூக விளையாட்டை டேவிட் வைட் 2003-இல் தொடங்கினார். அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளிவருவதால், அதன் மூலநிரலையும் யூனிட் (ஒரு வகைப் படைவீரர்) கோப்புகளையும் யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தில் பகிரலாம். ஒரு யூனிட்டின் விலை, உயிர்ப்புள்ளி, நகர்வு, ஆயுதங்கள் ஆகிய அனைத்தும் டபிள்யூஎம்எல் என்னும் குறிமொழியில், சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கின்றன. எனவே புதிய யூனிட் ஒன்றை எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அதை எதிர்த்து ஆடுபவருக்கும் ஆட்டம் சுவையாக இருக்கும்படி செய்யத்தான் மாதங்கள் பிடிக்கும். அந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் இடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். விளையாட்டோடு வந்த கோப்புகளில் கைவைக்காதீர்கள். அவற்றை மாற்றினால் பிறரோடு இணையத்தில் ஆடும்போது உங்கள் கணினியும் அவர்கள் கணினியும் வெவ்வேறு கணக்குப் போட்டு ஆட்டம் முறிந்துவிடும். உங்கள் பயனர் கோப்புறைக்குள் இருக்கும் ஆட்-ஆன் (பயனர்கள் சேர்க்கும் கூடுதல் உள்ளடக்கம்) கோப்புறையில் தனிப் பெயரில் தொடங்குங்கள். புதிய யூனிட்டை வெற்றுத்தாளிலிருந்து எழுதாமல், ஏற்கெனவே உள்ள ஒன்றை அடிப்படையாகக் குறிப்பிட்டு, மாறும் பகுதியை மட்டும் எழுதுவது நல்லது. அப்படிச் செய்தால் எதை மாற்றினீர்கள் என்பது கோப்பைப் பார்த்தவுடனே தெரியும். கோப்பைச் சேமித்த பிறகு, விளையாட்டின் முகப்புத் திரையில் எஃப்5 விசையை அழுத்தினால் மாற்றங்கள் மீண்டும் ஏற்றப்படும். ஒவ்வொரு முறையும் மூடித் திறக்க வேண்டியதில்லை.

எண்களுக்குப் போகும் முன், உங்கள் தரப்பு, அதாவது ஒருவர் திரட்டக்கூடிய யூனிட்களின் தொகுப்பு, எதில் தோற்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். மூல விளையாட்டின் டிரேக்குகள் பறக்கும், வேகமானவை, நெருப்பை உமிழும். ஆனால் எந்த நிலத்தில் நின்றாலும் அவற்றுக்குத் தற்காப்பு குறைவு, ஈட்டிக்கு எளிதில் இரையாகும். எலும்புக்கூட்டு வீரர்களை வாளும் ஈட்டியும் சரியாகத் தொடாது. தண்டமும் நெருப்பும் நொறுக்கிவிடும். இத்தகைய பலவீனங்கள்தாம் எதிராளிக்கு யோசிக்க வழி கொடுக்கின்றன. புதியவர்கள் உருவாக்கும் தரப்புகளில் நான் அடிக்கடி காணும் குறை, ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்க ஒவ்வொரு யூனிட் இருப்பதுதான். தனித்தனியே பார்த்தால் எந்த யூனிட்டும் வலுவாகத் தெரியாது. ஆனால் சேர்ந்து நிற்கும்போது அந்தப் படையை எந்தப் பக்கமிருந்தும் உடைக்க முடியாது.

இனி கணக்கு. ஒரு தாக்குதலின் சராசரி மதிப்பு என்பது ஓர் அடியின் சேதம், அடிகளின் எண்ணிக்கை, படும் வாய்ப்பு ஆகிய மூன்றின் பெருக்கல். லாயலிஸ்ட் தரப்பின் ஸ்பியர்மேன் 14 பொன். ஈட்டியால் 7 சேதம் வீதம் 3 முறை குத்துகிறான். ஓர்க் படையின் கிரண்ட் 12 பொன். வாளால் 9 சேதம் வீதம் 2 முறை வெட்டுகிறான். இருவரும் புல்வெளியில் நின்றால் ஒவ்வோர் அடியும் படும் வாய்ப்பு 60%. அந்தி வேளையில் ஈட்டிக்காரனின் சராசரி 12.6, ஓர்க்கின் சராசரி 10.8. இவற்றை விலையால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு பொன்னுக்கு மிகச் சரியாக 0.9 வருகிறது. ஆனால் பகலில் ஈட்டிக்காரன் லாஃபுல் (பகலில் வலுப்பெறும்) சார்புடையவன் என்பதால் அவன் சேதம் 25% கூடுகிறது, கேயாடிக் (இரவில் வலுப்பெறும்) சார்புடைய ஓர்க்குக்கு அதே அளவு குறைகிறது. ஓர் அடியின் சேதம் முழு எண்ணாக்கப்படுவதால் (ஈட்டிக்கு 9, வாளுக்கு 7), அப்போது கணக்கு 16.2-க்கு 8.4 என்றாகிறது. இரவில் அது 9-க்கு 13.2 என்று தலைகீழாகிறது. ஆறு சுற்றுகள் கொண்ட ஒரு நாளில் பகல் இரண்டு, இரவு இரண்டு, விடியலும் அந்தியும் ஒவ்வொன்று. ஆகவே உங்கள் யூனிட்டுக்கும் இந்த மூன்று வேளைகளுக்குமான மூன்று எண்களையும் எழுதுங்கள். அந்தி எண்ணை மட்டும் பார்த்து விலை வைத்தவர்கள், இரவில் தங்கள் படை ஏன் கரைகிறது என்று பின்னால் தேட வேண்டியிருக்கும்.

ஒரே சராசரி கொண்ட இரண்டு ஆயுதங்கள் ஒரே ஆயுதம் ஆகிவிடா. 5 சேதம் வீதம் 4 அடி, 10 சேதம் வீதம் 2 அடி ஆகிய இரண்டும் அதிகபட்சம் 20-தான். 60% வாய்ப்பில் இரண்டு அடியும் தவறிப்போக 16% சாத்தியம் உண்டு. நான்கும் தவற 3% கூட இல்லை. முதலாவது நம்பத்தக்க ஆயுதம், இரண்டாவது துணிந்து எறியும் ஆயுதம். அதோடு, நெருங்கிப் போரிடும் ஆயுதங்களின் ஓர் அடிக்கு ஒரு சேதத்தைக் கூட்டும் ஸ்ட்ராங் என்னும் இயல்பு தற்செயலாக அமையும்போது, நான்கடி ஆயுதம் 4 புள்ளி பெறுகிறது, ஈரடி ஆயுதம் 2 மட்டுமே பெறுகிறது.

முழுமையாக்கலையும் கவனியுங்கள், இது சின்ன விஷயம் போலத் தோன்றினாலும் பல மோட்களை (பயனர்கள் செய்த மாற்றுப் பதிப்புகளை) சாய்த்த விஷயம். பின்னம் வந்தால் விளையாட்டு அதை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும். சரிபாதி வந்தால் அடிப்படைச் சேதத்தின் பக்கம் சாயும். லாஃபுல் யூனிட் ஒன்றின் சேதம் 6 என்றால் பகலில் அது 7, இரவில் 5. அதையே 7 ஆக்கினால் பகலில் 9, இரவில் அதே 5. ஒரே ஒரு புள்ளிதானே என்று கூட்டுகிறீர்கள். பகலில் அடிக்கு இரண்டு புள்ளி கூடுகிறது, இரவில் எதுவுமே மாறவில்லை. இரவில் திணறுகிறது என்ற குறைக்கு மருந்தாக இந்த மாற்றத்தைச் செய்தால் நோய் முற்றும்.

சிறப்புத் திறன்களுக்கு இவ்வாறு எளிய கணக்கு கிடையாது. நான் உருவாக்கிய ஆற்று மக்கள் தரப்பில் வலைவீரன் என்று ஒரு முதல்நிலை யூனிட் இருந்தான். அவன் வலைக்கு ஸ்லோ திறனைக் கொடுத்தேன்; அது பட்ட யூனிட்டின் சேதமும் நகர்வும், அந்த யூனிட் தன் சுற்றை முடிக்கும் வரை பாதியாகும். வலையை நெருங்கிப் போரிடும் ஆயுதமாக வைத்திருந்தேன். சோதனை ஆட்டங்களில் ஓர்க் படையால் இரவிலும் முன்னேற முடியவில்லை. கிரண்ட் வந்து வெட்டும்போது வலைவீரன் பதிலுக்கு வலையை வீசுகிறான். அது ஒருமுறை பட்டாலே எஞ்சிய வெட்டு பாதியாகிவிடுகிறது. விலையை 15-லிருந்து 17-க்கு ஏற்றினேன், உயிர்ப்புள்ளியைக் குறைத்தேன், எதுவும் பயனளிக்கவில்லை. கடைசியில் எல்லா எண்களையும் பழைய நிலைக்கே கொண்டுவந்து, வலையைத் தொலைவிலிருந்து வீசும் ஆயுதமாக மட்டும் மாற்றினேன். தாக்கப்படுபவர் அதே வகை ஆயுதத்தால்தான் பதிலடி தர முடியும் என்பதால், கிரண்ட் வாளோடு வரும்போது வலை வெளியே வராது. என் சுற்றில் நானாகச் சென்று வீசினால் மட்டுமே பயன். வீசினால் எதிராளியின் அடுத்த சுற்று முழுவதும் அவன் யூனிட் முடங்கும். தற்காப்பில் எளிதில் வீழ்பவனாகவும், தாக்குதலில் மதிப்புள்ளவனாகவும் வலைவீரன் அமைந்தான். எண்களைத் திருத்தித் திருத்தித் தீராத சிக்கலை எதிர்கொண்டால், திறன் எந்தச் சூழ்நிலையில் செயல்படுகிறது என்பதை மாற்றிப் பாருங்கள்.

விலையைத் திருத்துவது பெரும்பாலும் மிகப் பாதுகாப்பான வழி, ஏனெனில் அது யூனிட்டின் குணத்தைத் தொடுவதில்லை. ஆயினும் விலையிலும் படிக்கட்டுகள் உண்டு. பல்லாளர் ஆட்டம் வழக்கமாக 100 பொன்னோடு தொடங்குகிறது. 14 பொன் விலையுள்ள யூனிட்டை ஏழு முறை சேர்க்கலாம். 15 ஆக்கினால் ஆறு முறைதான். 15-லிருந்து 16-க்கு ஏற்றினால் முதல் படைதிரட்டலில் தலையெண்ணிக்கை குறையாது. 17 ஆனால் ஐந்தாகிவிடும். யாரும் ஒரே யூனிட்டை மட்டும் திரட்டுவதில்லை என்றாலும், இந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருப்பது அவசியம். மூல விளையாட்டின் மாற்றக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். ஒரு பொன் கூட்டல், சில அனுபவப் புள்ளிகள் குறைத்தல் போன்ற சிறு திருத்தங்கள் எவ்வளவு நிதானமாகச் செய்யப்படுகின்றன என்பது புரியும்.

சோதனையில் ஒரு விதியை மீறாதீர்கள்: ஒரு பதிப்பில் ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கணினியையே இரு பக்கமும் ஆடவிட்டுப் பார்ப்பது கோப்புப் பிழைகளையும் அப்பட்டமான மிகைகளையும் மட்டுமே காட்டும். கணினி இரவுக்காகப் பின்வாங்கிக் காத்திருப்பதை மனிதரைப் போலச் செய்யாது. ஆகவே மனிதரோடு ஆடுங்கள், ஒவ்வோர் எதிர்த்தரப்போடும் ஆடுங்கள், அதே வரைபடத்தில் பக்கம் மாற்றி மீண்டும் ஆடுங்கள். முடிவை எழுதும்போது அவசரப்படாதீர்கள். இரு தரப்பும் முற்றிலும் சமமாக இருந்தாலும், பத்து ஆட்டங்களில் ஏதோ ஒரு தரப்பு ஏழோ அதற்கு மேலோ வெல்ல ஏறத்தாழ 34% வாய்ப்பு இருக்கிறது. எனவே வெற்றி எண்ணிக்கையைவிட, ஆட்டத்தின் பதிவைத் திரும்ப ஓடவிட்டு, தோற்றவர் எந்தச் சுற்றில் வழியற்றுப் போனார் என்று தேடுவது அதிகம் கற்றுத்தரும். அவருக்கு அந்த இடத்தில் வேறு நல்ல நகர்வு இருந்ததா என்று பாருங்கள். இருந்தது என்றால் அது அவருடைய பிழை. இல்லை என்றால் திருத்த வேண்டியது உங்கள் கோப்பு.

பிறர் கருத்துச் சொல்லும்போது அவர்கள் சொல்லும் தீர்வைவிட அவர்கள் சொல்லும் நோவை அதிகம் நம்புங்கள். "வலைவீரனின் உயிர்ப்புள்ளியைக் குறையுங்கள்" என்று ஒருவர் எழுதினால், அவர் எந்த யூனிட்டோடு, எந்த வேளையில், எந்த நிலத்தில் சிக்கினார் என்று கேட்டு வாங்குங்கள். பதிவுக் கோப்பையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிப்பை வெளியிடும்போதும் பதிப்பு எண்ணை ஏற்றி, பழைய எண், புதிய எண், மாற்றத்தின் காரணம் ஆகிய மூன்றையும் குறிப்பில் எழுதுங்கள். காரணத்தை எழுத முடியாத மாற்றத்தை அடுத்த பதிப்புக்குத் தள்ளி வையுங்கள்.