பிக் பிளைண்டில் இருந்து ஏற்றி அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் போக்கர் பழகுகிறவர்களில் கனபேர் 304 என்ற சீட்டாட்டம் விளையாடி வந்தவர்கள். செத்தவீட்டுப் பந்தலிலும் சனசமூக நிலையத்து வாங்கிலும் விடிய விடிய இருந்து பழகிய கை. யார் எதைப் போட்டார், எதை ஒளிக்கிறார் என்று கவனிக்கும் பழக்கம் போக்கருக்கும் நல்லது. ஆனால் கேள்வியை (ஏலத்தை) ஏற்றி ஏற்றிக் கேட்கிற பழக்கம் பிக் பிளைண்டில், அதாவது காட்ஸ் பார்க்க முன்னரே பெரிய கட்டாயப் பந்தயம் வைக்கும் இடத்தில், சிப்ஸைக் கரைக்கும். 304இல் கை கொஞ்சம் குறைந்தாலும் எதிரே பாட்னர் இருக்கிறார். இங்கே ஒருவரும் இல்லை.

ஸ்மோல் பிளைண்ட் (சின்னக் கட்டாயப் பந்தயம்) 50, உங்கள் பிக் பிளைண்ட் 100 என்று வையுங்கள். பட்டனில் (ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவர் 250க்கு ஏற்ற, ஸ்மோல் பிளைண்ட் காட்ஸை எறிந்துவிடுகிறார். நடுவில் 400. நீங்கள் இன்னும் 150 போட்டால் ஃப்ளொப், அதாவது நடுவில் திறக்கும் முதல் மூன்று காட்ஸ், பார்க்கலாம். கணக்குப்படி 27 வீத வெற்றி வாய்ப்புப் போதும்; ஃப்ளொப்புக்குப் பிறகு நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் அதைவிடக் கொஞ்சம் கூடத் தேவை. இந்த இடத்தில் "என்ர 100ஐ விடமாட்டன்" என்று ரோஷத்தில் திருப்பி ஏற்றுவதுதான் முதல் தவறு. அந்த 100 உங்களுடையது அல்ல, நடுவில் கிடக்கிற காசு.

எந்தக் கையோடு ஏற்றுவது என்பதில்தான் ஆகக்கூடிய சேதம். கிங்-9 வேறு வேறு இனத்தில் வந்தால் பார்க்க நல்லாயிருக்கும். அதைக் கொண்டு 1000க்கு ஏற்றினால் 900 போட்டு 400ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். எறிய வைப்பதால் மட்டும் நட்டமில்லாமல் வரவேண்டுமென்றால், 100க்கு 69 தடவைக்கு மேல் அவர் எறிய வேண்டும். எறியாமல் வருகிறவரிடம் கிங்-குயீன், கிங்-ஜாக் இருக்கும். உங்களுக்குக் கிங் விழுந்தாலும் தோல்விதான், அதுவும் பெரிய தோல்வி. ஒரே இனத்து ஏஸ்-5 அப்படியல்ல. ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ் சோடி வரக்கூடிய வழி 6இல் இருந்து 3 ஆகிறது, ஏஸ்-கிங் வரக்கூடிய வழி 16இல் இருந்து 12 ஆகிறது. அவர் பார்க்க வந்தாலும் ஃப்ளஷுக்கும் (ஐந்தும் ஒரே இனம்) ஸ்ட்ரெயிட்டுக்கும் (ஐந்தும் வரிசையாக) இடமுண்டு. அவர் திரும்ப ஏற்றினால் நீங்கள் வருத்தமில்லாமல் எறியலாம். குயீன் சோடியும் அதற்கு மேலும், ஏஸ்-கிங், அவற்றோடு இப்படியான சில கைகள்: பட்டனுக்கு எதிரே ஏற்ற இவை போதும். நடுத்தரக் கைகளோடு 150 போட்டுப் பாருங்கள், அல்லது எறியுங்கள்.

600க்கு மட்டும் ஏற்றுவது பயந்த பிள்ளையின் வேலை. அவர் 350 போட்டால் நடுவில் 1250 ஆகும். 28 வீத வாய்ப்போடு, கடைசியாகப் பேசும் வசதியும் வைத்துக்கொண்டு ஏன் எறிவார்? 1000 என்றால் அவருக்கு 37 வீதம் வேண்டும். அவர் ஏற்றியதன் நான்கு மடங்கு என்று நினைவில் வைத்தால் சரி.

ஏற்றியவர் எங்கே இருக்கிறார் என்று பாராமல் விளையாடுவதும் உண்டு. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவர் ஏற்றினால் அவரிடம் நல்ல காட்ஸ்தான். ஏஸ்-ஜாக்கோடு அவரை அடித்தால் உங்களுக்குக் கீழானவை எல்லாம் ஓடிவிடும், மேலானவை மிஞ்சும்.

கையில் 1500தான் இருக்கும்போது 1000க்கு ஏற்றிவிட்டு, அவர் முழுவதையும் வைத்ததும் எறிகிறவர்களும் இருக்கிறார்கள். மிச்சம் 500ஐப் போட்டால் 2550 வெல்லலாம், 16 வீதம் போதும். எறிகிற எண்ணம் இருந்தால் ஏற்றியிருக்கக் கூடாது. ஏற்றுவதென்றால் முழு 1500ஐயும் தள்ளுங்கள்.

பிறகு ஃப்ளொப். "நான்தானே ஏற்றினேன்" என்று எல்லாவற்றிலும் அடிக்க வேண்டியதில்லை. உங்கள் 1000ஐ அவர் பார்க்க வந்திருந்தால் நடுவில் 2050 இருக்கும்; வேறு வேறு இனத்தில் ஏஸ்-8-3 என்றால் 700 போட்டாலே வேலை முடியும். பெரிய ஏஸ் உங்களிடம்தான் கூட இருக்கும். 8-7-6 விழுந்து அதில் இரண்டு ஒரே இனமாக இருந்தால் அது பட்டனில் இருப்பவருடைய ஃப்ளொப். காசு போடாமல் செக் சொல்லுங்கள்.

போனில் இலவச சிப்ஸுக்கு விளையாடும் கூட்டத்தில் ஒருவரும் எறிவதில்லை. அங்கே ஏஸ்-5 வித்தை காட்டாதீர்கள். கிங் சோடி வந்தால் 1300க்கு ஏற்றினாலும் பார்க்க வருவார்கள்.