சிற்றலையில் பிரெஞ்சு வானொலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நேயர் மன்றத்துக்குப் புதிதாக வருபவர்கள் சிற்றலையில் (ஷார்ட்வேவ்) பிரெஞ்சு ஒலிபரப்புகளைக் கேட்டு, அவை எவ்வளவு தெளிவாகக் கேட்டன என்று நிலையத்துக்கு எழுதும் ஒலித்தர அறிக்கைகளைப் பார்வையிடும் வேலை என்னிடம் இருக்கிறது. ஏரியலைத் தாழ்வாகக் கட்டுவது போன்ற தவறுகள் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிரெஞ்சு என்றால் பாரிஸ் என்று எழுதுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். காதில் பிரெஞ்சு விழுந்ததும், பாரிஸிலிருந்து இயங்கும் ‘ரேடியோ பிரான்ஸ் இன்டர்நேஷனல்’ என்று குறித்துவிடுகிறார்கள். ருமேனியா, துருக்கி, வத்திக்கான், சீனா ஆகிய நாடுகளின் சர்வதேச வானொலிகளும் சிற்றலையில் பிரெஞ்சு பேசி வந்திருக்கின்றன. சீன வானொலி பயன்படுத்தும், மேற்குச் சீனாவின் காஷ்கர் ஒலிபரப்பு நிலையம் பாரிஸைவிட நமக்கு மிகவும் பக்கம். பாரிஸ் நிலையமோ தன் சிற்றலையை முதன்மையாக ஆப்பிரிக்காவை நோக்கியே அனுப்புகிறது. மாலி 2022 மார்ச்சிலும், புர்கினா ஃபாசோ அதே ஆண்டு டிசம்பரிலும், நைஜர் 2023 ஆகஸ்ட்டிலும் பாரிஸ் நிலையத்தைத் தடைசெய்து, அங்கே எஃப்.எம். ஒலிபரப்பு நின்றபிறகு, அந்தச் சிற்றலைக்கு மதிப்புக் கூடியது. ஆகவே நம் ஊரில் கணீரென்று பிரெஞ்சு கேட்டால், அது பாரிஸ்தானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மன்றத்து இளைஞர் ஒருவர் பாரிஸுக்கு இரண்டு பக்க அறிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அறிக்கை சரி என்று நிலையம் உறுதிசெய்து அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வைத்திருந்த நகலை வாங்கிப் படித்தேன். முதல் செய்தி ருமேனிய நாடாளுமன்றம், இரண்டாவது செய்தி ருமேனியப் பொருளாதாரம், அதன்பின் ருமேனிய நாட்டுப்புறப் பாடல்! அத்தனையையும் பிசகில்லாமல் குறித்துக்கொண்டவர், நிலையத்தின் பெயர் சொல்லப்படும்வரை காத்திருக்கவில்லை. தபால் செலவு போனதுகூடப் பெரிதில்லை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டுக்குப் போயிருக்க வேண்டிய நல்ல அறிக்கை வீணாயிற்று.

ஒலிபரப்பு நிலையம் இருக்கும் இடத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. நடு பிரான்ஸில் உள்ள இசூதன் நிலையத்தை ஜப்பானின் என்.எச்.கே. உட்படப் பிறரும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். மணி முழுதாகும் நேரம்வரை பொறுத்திருங்கள். பாரிஸ் நிலைய அறிவிப்பாளர் உலக நேரத்தை (யு.டி.சி.) சொல்லி, பாரிஸ் நேரத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். நிலையத்தின் பெயரையும் காதால் கேட்டபிறகே பேனாவை எடுங்கள்.

பழைய அலைவரிசைப் பட்டியலை நம்புவது

கனடா சர்வதேச வானொலி 2012 ஜூனில் சிற்றலையை விட்டது. பிரான்ஸின் உள்நாட்டு வானொலியான பிரான்ஸ் இன்டரின் 162 கிலோஹெர்ட்ஸ் நீளலையில் (லாங்வேவ்) 2016 முடிவோடு நிகழ்ச்சிகள் நின்றுவிட்டன. இப்போது அதில் நேரக் குறியீடு மட்டுமே செல்கிறது. மற்ற நிலையங்களின் பட்டியலும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும்.

இணையத்தில் கேட்டுவிட்டுச் சிற்றலை அறிக்கை எழுதுவது

கூடவே கூடாது.

இந்திய நேரத்தில் எழுதுவது

உலக நேரத்தில் எழுதுங்கள். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழிக்கும்போது, விடியற்காலையில் கேட்ட ஒலிபரப்பின் தேதி முந்தைய நாளுக்குப் போய்விடும். அதையும் மாற்றி எழுதுங்கள்.