அடையாளம் தெரியாத பழைய கேம்ஷாஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த இன்ஜினிலிருந்து கழற்றியது என்றே தெரியாத ஒரு கேம்ஷாஃப்ட் (இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) கையில் கிடைத்தால், புதிதாக வருகிறவர்கள் உடனே அதிலுள்ள எண்ணை ஃபோனில் தட்டித் தேடுகிறார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. துருப்பிடித்ததைப் பூட்டாதே, வளைந்ததை வாங்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடலாம்.

வார்ப்பு எண்ணைப் பார்த்துவிட்டு வால்வு ஸ்பிரிங் வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கேம்ஷாஃப்டில் எண்கள் இரண்டு வகை. லோப்களுக்கு (வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவ மேடுகள்) நடுவே புடைத்து நிற்பது வார்ப்பு எண். முனையில் பள்ளமாகக் குத்தியிருப்பது பெரும்பாலும் லோப்பை அரைத்து வடிவம் கொடுத்தவர் போட்ட எண். புடைத்த எண், இரும்பை அச்சில் ஊற்றும்போதே வந்துவிடுகிறது. அப்போது லோப் அரைக்கப்பட்டிருக்கவே இல்லை. ஒரே வார்ப்பை எடுத்துச் சாதுவான கேமாகவும் அரைக்கலாம், ரேஸுக்குப் போகும் கேமாகவும் அரைக்கலாம். இரண்டிலும் புடைத்த எண் ஒன்றேதான்.

சிலர் ‘சிடபிள்யூசி’ என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு, அது கேம் கம்பெனியின் பெயர் என்று அந்தக் கம்பெனியின் கேட்டலாகைத் தேடுவார்கள். அது கேம்பெல், வயன்ட் அண்ட் கேனன் என்ற அமெரிக்க வார்ப்பாலையின் முத்திரை. அங்கே வார்த்ததை வாங்கி அரைத்தவர்கள் பல பேர்.

ஒரு பையன் இப்படித்தான் வந்தார். “அண்ணே, நம்பர் பார்த்துட்டேன், ஸ்டாக் கேம்தான்” என்றார், அதாவது கம்பெனியில் போட்ட அசல் கேம். டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்தாயா என்று கேட்டேன். நம்பரே இருக்கும்போது எதற்கு என்றார். ஸ்டாக் ஸ்பிரிங் போட்டுப் பூட்டினார். உண்மையில் அது யாரோ மறுபடி அரைத்த கேம், லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) கூடுதல். வால்வு முழுசாகத் திறக்கும்போது ரிட்டைனர் (ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மேல் தட்டு) போய் வால்வு கைடின் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தலையில் இடித்தது. புஷ்ராட் (லிஃப்டரின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பி) வளைந்தது, லோப்பும் அதன் மேல் உட்காரும் லிஃப்டரும் ஒன்றையொன்று தின்றன. அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு கலந்து பேரிங் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதாயிற்று. முதலிலேயே அரை மணி நேரம் அளந்திருந்தால் இத்தனையும் மிச்சம்.

குத்திய எண்ணும் பொய் சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி அரைக்கிறவர் பழைய எண்ணை அழிக்காமலே விட்டுவிடலாம். அதனால் எண் கிடைத்தாலும் அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். கேமை வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வையுங்கள். லோப்பின் அடிவட்டத்தில் (மேடு இல்லாத வட்டப் பகுதி) டயல் கேஜைப் பூஜ்யமாக்கி, மெதுவாகச் சுற்றுங்கள். மூக்கில், அதாவது மேட்டின் உச்சியில், காட்டுவது லோப் லிஃப்ட். அதை ராக்கர் (புஷ்ராடின் அசைவை வால்வுக்குக் கொடுக்கும் நெம்புகோல்) விகிதத்தால் பெருக்கினால் வால்வு லிஃப்ட்: 7.6 மி.மீ. லோப், 1.5 ராக்கர் என்றால் 11.4 மி.மீ. ஒரே ஒரு லோப்பை அளந்து முடித்துவிடாதீர்கள். நீங்கள் அளந்தது தேய்ந்த லோப்பாக இருந்தால் கதை மாறிவிடும்.

கேம் டிகிரியையும் க்ராங்க் டிகிரியையும் குழப்புவது

கேட்டலாகில் டியூரேஷன் (வால்வு எத்தனை டிகிரி சுழற்சிக்குத் திறந்திருக்கிறது என்பது) க்ராங்க் டிகிரியில்தான் இருக்கும்; க்ராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு. பெரும்பாலும் லோப் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. தூக்கிய இடத்திலிருந்து, அதே அளவுக்கு இறங்கும் இடம் வரை. கேம் க்ராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், கேமில் டிகிரி வீலை (டிகிரி குறித்த வட்டத் தட்டு) மாட்டி அளந்தால் வருவதை இரட்டிப்பாக்க வேண்டும். 110 வந்தால் அது 220. ஆனால் லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சிகளுக்கு இடையிலான கோணம்) கேம் டிகிரியில் சொல்லப்படுவது. அதை இரட்டிப்பாக்கக் கூடாது. இதில் தடுமாறாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பது

வேண்டாம். எண் போய்விடும். துடைத்துவிட்டுச் சாக்பீஸைத் தேய்த்தால் மங்கிய குத்தும் தெரியும்.

உள்ளே போய்விட்டது, அப்போது சரிதான் என்று நினைப்பது

ஃபோர்டின் பழைய 302, 351 விண்ட்சர் என்ற இரண்டு இன்ஜின்களின் கேமும் ஒன்றின் இடத்தில் ஒன்று ஒழுங்காக உட்கார்ந்துவிடும். ஆனால் 302-இன் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி பிடிக்கும் வரிசை) 1-5-4-2-6-3-7-8, 351-இன் ஆர்டர் 1-3-7-2-6-5-4-8. பிளக் வயர்களைப் பழைய வரிசையிலேயே மாட்டினால் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். எந்த ஆர்டர் என்பது லோப்பிலேயே இருக்கிறது: இன்டேக் லோப்கள் எந்த வரிசையில் உச்சிக்கு வருகின்றன என்று சுற்றிப் பாருங்கள். சுற்றும் திசை முக்கியம். செயின் ஓட்டும் கேம் க்ராங்க் போகும் திசையிலேயே போகும், கியரோடு கியர் நேராகக் கோத்த கேம் எதிர்த்திசையில் சுழலும்.

பழைய லிஃப்டரைக் கலந்து போடுவது

ஃப்ளாட் லிஃப்டர் தன் லோப்போடு பழகித் தேய்ந்திருக்கும். எது எந்த லோப்புக்கு என்று தெரியாவிட்டால் புதியதுதான்.

பின் ஜர்னலைப் பார்க்காமல் விடுவது

1965, 1966 வருடத்து செவ்ரலே 396 பெரிய பிளாக் இன்ஜினில், கேமின் பின் ஜர்னலில் (பேரிங்கில் உட்காரும் பின்பக்க வட்டப் பகுதி) வெட்டிய பள்ளத்தின் வழியாகத்தான் லிஃப்டர்களுக்கு எண்ணெய் போகிறது. பிந்தைய வருடத்து கேமில் அந்தப் பள்ளம் இருக்காது. அதை அப்படியே பூட்டினால் மேல்பகுதி எண்ணெயில்லாமல் காயும். வார்ப்பு எண் இதை உங்களிடம் சொல்லாது, பின் ஜர்னலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.