ரசாயன முறையில் நேராக்கிய கூந்தலை வீட்டில் பராமரிப்பது எப்படி?

ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்னிங், ரீபாண்டிங் என்று எந்தப் பெயரில் செய்துகொண்டிருந்தாலும், பார்லரிலிருந்து வெளியே வரும் நாளில் இருக்கும் வலுதான் அந்த முடிக்கு இனி இருக்கப்போகும் அதிகபட்ச வலு. தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது என்பதால், அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. எந்த எண்ணெயும் எந்த சீரமும் உடைந்த இழையை மீண்டும் பழையபடி ஆக்குவதில்லை. வீட்டுப் பராமரிப்பால் ஆகக்கூடியது, இருக்கும் வலு வீணாகக் குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அதற்குச் செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் தேவைப்படும். முதன்முறையாக முடியை நேராக்கிக்கொண்டவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: பூசியது எந்த மருந்து என்று கேட்டுக் குறித்து வையுங்கள்

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து, சுருள் முடியைச் சுருளாகவும் நேர் முடியை நேராகவும் நிறுத்தி வைப்பதில் கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்த டைசல்ஃபைடு பிணைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ஊர்ப் பார்லர்களில் ரீபாண்டிங்குக்கும் ஸ்மூத்னிங்குக்கும் பெரும்பாலும் பயன்படுவது அம்மோனியம் தயோகிளைகோலேட் வகை கிரீம். அது இந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. பின்னர் முடியை அலசி, உலர்த்தி, சூடான அயர்னால் நேராக இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நியூட்ரலைசரைப் பூசும்போது, அறுந்த பிணைப்புகள் புதிய நேரான வடிவில் மீண்டும் சேர்கின்றன. எல்லாம் சேர்ந்துவிடுவதில்லை என்பதால்தான் முடி முன்பைவிட வலுக் குறைந்துபோகிறது.

ரிலாக்ஸர் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் வேறு வகை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் நெருக்கமான சுருள் முடிக்காகப் பரவலாகப் பயன்படும் இதில் சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து உண்டாக்கும் காரம் இருக்கும். அமில, காரத் தன்மையை அளக்கும் பி.ஹெச். அளவு 12-க்கும் மேல் செல்லும் இந்தக் காரம் டைசல்ஃபைடு பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணுவையே நீக்கிவிடுவதால், அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. ஹைட்ராக்சைடு பட்ட முடியில் தயோகிளைகோலேட்டையோ, தயோகிளைகோலேட் பட்ட முடியில் ஹைட்ராக்சைடையோ ஒருபோதும் பூசக்கூடாது. பூசினால் முடி கொத்தாக ஒடிந்து விழும் அபாயம் உண்டு. வெளிநாட்டில் இருந்தபோது ரிலாக்ஸர் செய்துகொண்டு, ஊர் திரும்பியபின் ரீபாண்டிங்குக்குச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். ஆகவே மருந்தின் பெயர், வகை, தேதி மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிப்போகும் ஒன்று. அதன் விதிகள் வேறு என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

முதல் படி: முதல் மூன்று நாட்கள்

தயோகிளைகோலேட் முறையில் நேராக்கியிருந்தால், பார்லரில் வேறு விதமாகச் சொல்லாத வரை, 72 மணி நேரம் முடியை நனைக்கக்கூடாது. பின்னல், கொண்டை, கிளிப், ஹேர்பின், ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது. காதுக்குப் பின்னால் செருகுவதையும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைப்பதையும் கூடத் தவிர்ப்பது நல்லது. நியூட்ரலைசர் போட்ட பிறகும் பிணைப்புகள் உறுதியாகச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அந்த இடைவெளியில் விழும் மடிப்பு அப்படியே தங்கிவிடலாம். மல்லிகைச் சரத்தைப் பின்னால் குத்திக்கொள்ளும் ஆசையையும் இந்த மூன்று நாட்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்திய நாள் போய் உட்காருவது அதனால்தான் தவறான திட்டம். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வியர்த்தால் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து வேரை உலர்த்துங்கள். மழையில் நனைந்துவிட்டால் பதற வேண்டாம். உடனே துண்டால் ஒற்றி, நேராகச் சீவி, உலர விடுங்கள். ஹைட்ராக்சைடு ரிலாக்ஸருக்கு இந்த மூன்று நாள் விதி கிடையாது. அந்த மருந்தை அங்கேயே நியூட்ரலைசிங் ஷாம்புவால் முழுமையாக அலசி எடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் இருந்தால் உடனே மீண்டும் நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீரைக் கவனியுங்கள்

விலை உயர்ந்த ஷாம்பு வாங்கும் பலர் தங்கள் குளியலறைத் தண்ணீரைப் பற்றி யோசிப்பதே இல்லை. வாளியின் விளிம்பிலும் குழாயின் வாயிலும் வெள்ளைப் படிவம் படிகிறது என்றால் உங்கள் வீட்டில் வருவது கடினத்தன்மை மிகுந்த நீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் 200-ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ரசாயனம் பட்ட முடியில் எதிர்மின் தன்மை கொண்ட இடங்கள் கூடிவிடுவதால், நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதில் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. முடி சொரசொரப்பாகி, கண்டிஷனர் போட்டும் பலனில்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீடு முழுவதற்கும் சுத்திகரிப்புக் கருவி வைக்க எல்லோராலும் முடியாது, தேவையும் இல்லை. குளித்து முடித்தபின், கடைசி இரண்டு மூன்று குவளையை மட்டும் கேன் தண்ணீரிலோ, பிடித்து வைத்த மழைநீரிலோ ஊற்றி அலசுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு லிட்டர் நல்ல நீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து முடியின் நீளத்தில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் நீரால் அலசலாம். தலைத்தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: தலை குளிப்பது

வாரத்துக்கு இரண்டு முறை போதும். செவ்வாயும் வெள்ளியும் தலை குளிக்கும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம் இந்தக் கூந்தலுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஷாம்புவை நேரடியாகத் தலையில் கொட்டாமல், ஒரு குவளை நீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் ஊற்றி விரல் நுனிகளால் மெதுவாகத் தேயுங்கள். வழிந்து இறங்கும் நுரையே முடியின் நீளத்தைச் சுத்தம் செய்யப் போதுமானது. நீளத்தைத் தலை உச்சிக்குச் சுருட்டி ஏற்றிக் கசக்குவதால்தான் சிக்கு விழுகிறது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும்.

சல்ஃபேட் உள்ள ஷாம்பு போட்டால் ரீபாண்டிங் கலைந்துவிடும் என்று பார்லரில் சொல்லி அனுப்புவார்கள். அது சரியல்ல; மாறிவிட்ட பிணைப்புகளை எந்த ஷாம்புவும் கலைக்காது. ஆனால் சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற கடுமையான நுரைப்பான்கள், ஏற்கெனவே வறண்டிருக்கும் முடியை மேலும் வறளச் செய்யும் என்பது உண்மை. ஆகவே மென்மையான ஷாம்பு நல்லது, ஆனால் அது பார்லரில் விற்கும் விலை உயர்ந்த பாட்டிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சீயக்காயையும் அரப்பையும் விட மனமில்லாதவர்கள் பலர் உண்டு. தூளாக அரைத்த சீயக்காயைக் குழைத்துத் தேய்க்கும்போது அதன் திப்பி முடியின் மேற்புறத்தை உராய்கிறது. முடியின் மேலடுக்கு ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ரசாயனம் பட்டபோதே அந்த ஓடுகள் தூக்கிக்கொண்டு நிற்கும் நிலையில், உராய்வு அவற்றைப் பெயர்த்துவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் சீயக்காயைக் கொதிக்க வைத்து, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: கண்டிஷனரும் சிக்கெடுப்பதும்

ஒவ்வொரு முறை ஷாம்பு போட்ட பிறகும் கண்டிஷனர் கட்டாயம். இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதிலுள்ள நேர்மின் தன்மை கொண்ட பொருள்கள், சேதமடைந்து எதிர்மின் கூடிய இடங்களைத் தேடிப் படிந்து, இழைகள் ஒன்றோடொன்று உராய்வதைக் குறைக்கின்றன. வேரை விட்டுவிட்டு, காது மட்டத்துக்குக் கீழிருந்து நுனி வரை பூசி, மூன்று நிமிடம் விடுங்கள்.

கண்டிஷனர் இருக்கும்போதே, பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுங்கள். நனைந்த முடி உலர்ந்த முடியைவிட அதிகம் நீளும், எளிதில் அறுந்தும் போகும். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால், சிக்கு முழுவதும் நுனிக்கு அருகே ஒரே முடிச்சாகச் சேர்ந்துவிடும்.

பிறகு ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். கனமான டர்க்கி டவலால் தேய்ப்பதும், துண்டை முறுக்கிக் கொண்டை போடுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகை போடும் பழக்கம் இருந்தால், தணலிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடியுங்கள். ஈர முடியில் நேரடி வெப்பம் படக்கூடாது.

ஐந்தாம் படி: எண்ணெய்

இதில் தேங்காய் எண்ணெய்க்கு உண்மையான நியாயம் உண்டு. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. சேதமடையாத முடியிலும் சேதமடைந்த முடியிலும் அதே முடிவு கிடைத்தது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும், அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய நேர்க்கோட்டு அமைப்புக் கொண்டதால் முடிக்குள் நுழைய முடிகிறது என்ற விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது.

தலை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை நீளத்திலும் நுனியிலும் தடவி விடுங்கள். எண்ணெய் வழிய வழியத் தேய்த்தால் அதை எடுக்க இரண்டு முறை ஷாம்பு போட வேண்டிவரும். பலன் முழுவதும் அதிலேயே போய்விடும்.

முட்டை, தயிர், வாழைப்பழம் ஆகியவற்றின் புரதம் முடிக்குள் நுழைந்து வலுவூட்டாது. அந்த மூலக்கூறுகள் மிகப் பெரியவை. ஹைட்ரோலைஸ்டு புரதம், அதாவது சிறு துண்டுகளாக உடைத்த புரதம் உள்ள மாஸ்க்கை மாதம் ஒரு முறை போடலாம். அதற்கு மேல் போட்டால் சிலருக்கு முடி விறைத்துப்போகிறது.

ஆறாம் படி: சூடும் இழுவையும்

நேராக்கிய முடிக்குத் தினமும் அயர்ன் தேவையில்லை. விசேஷத்துக்கு அவசியமானால் சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஹீட் புரொடெக்டன்ட் தெளித்து, 180 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், முழுவதும் உலர்ந்த முடியில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். ஈர முடியில் அயர்ன் வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, இழைக்குள் குமிழ்கள் உண்டாக்கும். அந்த இடத்தில் முடி ஒடியும். இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னலும் சாட்டின் தலையணை உறையும் போதும்.

ஏழாம் படி: புதிதாக வளரும் முடி

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நான்காவது மாதத்தில், வேரிலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரை உங்கள் இயல்பான முடியும், அதற்குக் கீழே நேராக்கிய முடியுமாக, ஒரே இழையில் இரண்டு வலு வந்துவிடுகிறது. அந்த இரண்டும் சந்திக்கும் கோடுதான் மிகப் பலவீனமான இடம். சீப்பு அங்கே மாட்டும்போது இழுக்காமல், கோட்டுக்கு மேலே விரல்களால் பிடித்துக்கொண்டு கீழ்ப் பகுதியைச் சீவுங்கள். உச்சியில் இறுக்கமாகக் கட்டும் போனிடெயிலை இந்த மாதங்களில் தவிருங்கள்.

டச்-அப் செய்யும்போது மருந்து புதிய வளர்ச்சியில் மட்டுமே பட வேண்டும். பழைய நேர் முடியில் மீண்டும் பட்டால் முடி ஒடியத் தொடங்கும். ஆகவே வீட்டில் தனியாக, பின்தலை தெரியாத நிலையில் இதைச் செய்ய வேண்டாம். எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவதே என் கருத்து. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கண்காணித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் நான்கு முறைக்கு மேல் நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. இது ஒரு தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ள இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மருதாணி போட விரும்புவோர், அதில் வேறு உலோக உப்போ சாயமோ கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டைப் படியுங்கள். உலோக உப்பு படிந்த முடியில் பின்னர் பெராக்சைடு பட்டால் முடி சூடேறிக் கெட்டுப்போகும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

உதிர்ந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகளாக விழுந்தால் அது ஒடிந்த முடி. அதற்கு முதல் சிகிச்சை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனியை அரை அங்குலம் வெட்டுவதும், சூட்டை முழுவதும் நிறுத்துவதும்தான். நனைந்த முடி ரப்பரைப் போல நீண்டு திரும்பாமல் அறுந்தால், இனி எந்த ரசாயனமும் அதில் படக்கூடாது. தலைத்தோலில் கொப்புளம், நீர் வடிதல், காசு அளவு வழுக்கை, வாரக்கணக்கில் குறையாத உதிர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பார்லருக்குத் திரும்பிச் செல்லாமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். எழுதி வைத்த மருந்தின் பெயரையும் தேதியையும் கையோடு கொண்டுபோங்கள்.